இலேஷாவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார்

கயோடேயின் சித்தப்பா டல்லாஸில் மாட்டிக்கொண்டார் என்று போன் வந்தபோது நான் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கே உரிய முறையில் சோபாவில் மல்லாந்து, வயிற்றின் மேல் வறுத்த கடலைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணம் வைத்தால் சாயாத அளவுக்கு என் வயிறு வளர்ந்து நிறைவடைந்தது அந்த வருஷம்தான். தொண்ணூற்றேழு ஜனவரி.

ஹூஸ்டனில் கயோடேயும் நானும் ஒரே பைப்லைன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து க்யூபிக்கிள். மண்ணுக்கு அடியில் போகும் குழாய்களை வரைவது எங்கள் வேலை. யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் தைரியமாக வரைவோம். அவன் நைஜீரியாவின் தென்மேற்கில், யொருபா பேசும் சீமையில், இலேஷா என்ற ஊர்க்காரன். மதியம் டப்பாவைத் திறந்த பிறகுதான் அந்த ஊர் எனக்குப் புலப்பட ஆரம்பித்தது. ஆமலா என்று ஒரு கறுத்த உருண்டையைக் கொண்டுவருவான். கிழங்கை உலர்த்தி இடித்த மாவில் கிண்டியது. கையால் கிள்ளி, கீரைக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தான். ராகிக் களி தின்று வளர்ந்த தாராபுரத்துக்காரனுக்கு விழுங்கக் கற்றுக்கொடுக்க ஒருவன் டெக்ஸாஸ் வரை வந்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பேப்பர் நாப்கினில் மேப் போட்டான். கீழே கடல், கடலோரம் லாகோஸ். அதற்குச் சற்று மேலே, உப்பங்கழிப் பக்கம், இஜேபு நாடு. வடக்கே மேடு பள்ளமெல்லாம் துருப்பிடித்த தகரக் கூரையாக இபாதான் நகரம். கிழக்கே மலையும் காடும் தொடங்கும் இடத்தில் அவன் ஊர். அறுவடை முடிந்தால் வீட்டு வாசலெல்லாம் கோகோ விதை காயும், தெருவே புளித்த வாடை அடிக்கும், அந்த வாடைதான் தன் பள்ளிக்கூட ஃபீஸ் என்றான். அவன் அப்பா கோகோ வியாபாரி.

"இந்த இஜேபுக்காரங்க எப்படி?" என்று கேட்டேன். ஏனென்றால் அவன் காதலித்த பெண் இஜேபு.

"கெட்டிக்காரங்க பிரதர் வெள்ளி. எங்க போனாலும் கடை போட்டுடுவாங்க. விருந்துன்னா தெருவையே அடைச்சு பந்தல் போடுவாங்க. எங்களைப் பாத்தா மட்டும் மலைக்காட்டு ஆளுங்கன்னு ஒரு சிரிப்பு."

(வெள்ளியங்கிரி என்ற என் பெயரை அவன் வெள்ளி என்று சுருக்கிவிட்டான். அவன் பேசியது ஆங்கிலம். என் தமிழில் மாற்றியதில் அவன் கொஞ்சம் நம் பக்கத்து ஆளாக ஆகியிருக்கலாம். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.)

கோயமுத்தூர்க்காரன் தஞ்சாவூர்ப் பெண்ணைக் கட்டுகிற மாதிரி போல என்று நான் புரிந்துகொண்டேன். பெண் பெயர் மொரெனிகே. மெடிக்கல் சென்டரில் குழந்தை டாக்டராக ரெசிடென்ஸி. அவள் அப்பா அடேசன்யா, ஹூஸ்டனில் இரண்டு மருந்துக்கடை வைத்திருப்பவர். மூன்று பெண்களில் இவள் மூத்தவள்.

இனி வெள்ளிக்கிழமை போன்.

"பிரதர் வெள்ளி, டல்லாஸ்ல ஐஸ் மழை. ஃப்ரீவே மொத்தமும் மூடிட்டாங்க. சித்தப்பா வேன் கிளம்பவே இல்ல. வர வேண்டிய இருபது பேரும் அங்கயே. நாளைக்கு எனக்குன்னு யாரும் இல்ல."

"நாங்கதான் வர்றோமே?"

"நீங்க கெஸ்ட். எனக்கு வேண்டியது குடும்பம்."

விஷயம் இதுதான். மறுநாள் பெண் வீட்டில் நிச்சயம். கயோடேயின் அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் சித்தப்பா ஆள் திரட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. தள்ளிப் போடவும் முடியாது. லண்டனிலிருந்தும் லாகோஸிலிருந்தும் வந்த பெண் வீட்டு உறவுகள் ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட் ஏறுகிறார்கள். ஹூஸ்டனில் இருக்கும் இலேஷாக்காரர்களைக் கூப்பிடலாம் என்றால், ஓக்லஹோமாவில் படித்துவிட்டு நேற்று வந்தவனுக்கு யாரைத் தெரியும்? தெரிந்த நாலு பேரும் அடேசன்யாவின் சிநேகிதர்கள். பெண் பக்கம்தான் உட்காருவார்கள். அடேசன்யாவோ மகளிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "ஒரு பையன் தனியா வர்றான், தனியா போறான். இவனுக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு நான் பாக்கணும். நாளைக்கு அவன் ஆளுங்க வந்து கேட்டா தர்றேன். வரலேன்னா இந்தப் பேச்சு இதோட போச்சு."

"உன் பின்னாடி நாங்க இருக்கோம்டா" என்றேன். கடலைக் கிண்ணம் சரிந்தது.

"பதினோரு மணிக்கு வந்துடுங்க. மாமா பிசின்னு ஒரு அம்மா வருவாங்க. எங்க பக்கம் மாமான்னா அம்மா. என்ன பண்ணணும்னு அவங்க சொல்வாங்க. எங்க வழக்கம் கொஞ்சம்..."

"மாப்பிள்ளை வீட்டாரா எப்படி இருக்கறதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது எங்க ரத்தத்துல ஓடுது. நீ போய்த் தூங்கு."

போனை வைத்ததும் என் மனைவி நாகமணி கேட்ட முதல் கேள்வி: "என்ன கலருங்க?"

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஒரே துணியில் வருவது அங்கே வழக்கம். கயோடே தேர்ந்தெடுத்தது ஊதாவும் தங்க நிறமும். தைத்த துணிகளெல்லாம் சித்தப்பா வேனில், ஐஸுக்கு நடுவில்.

"ஊதாப் பட்டு, ஜரிகை பார்டர். இதுக்குப் போயி அந்தத் தம்பி கவலப்படுதாக்கும்! இந்தக் கேட்டி ஊருல ஊதாப் பட்டு இல்லாத நம்ம வீடு எதுங்க?" என்று நாகமணி அட்ரஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டியிலிருந்து ஷுகர்லேண்ட் வரை சங்கதி பரவியது. யாருக்கும் கயோடே யாரென்று தெரியாது. கல்யாணம், நாம் மாப்பிள்ளை வீடு, ஊதா. இது போதுமானதாக இருந்தது.

நான் கூப்பிட்டது டாக்டர் ஜம்புநாதன் ஒருவரைத்தான். மாயவரத்துக்காரர். மயக்க மருந்து நிபுணர். தமிழ்ச் சங்கத்தில் அவர் பேச்சைக் கேட்டவர்கள், ஊசிகூட அவருக்குத் தேவையில்லை என்பார்கள். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். பையன் கிடையாது. அவர் வயதுக்கும் வெள்ளை மீசைக்கும் ஒரு குடும்பத் தலைவர் களை இருந்ததால் கயோடேக்குப் பெரியப்பாவாக நிற்கச் சொல்லலாம் என்பது என் திட்டம்.

விஷயத்தைச் சொன்னேன்.

"டாக்டர், லைன்ல இருக்கீங்களா?"

"வெள்ளியங்கிரி, நான் பிள்ளையாத்துக்காரனா? நிஜமாவா சொல்றே?"

"ஆமாங்க டாக்டர்."

"நாளைக்கு ஆஸ்பத்திரில ஆன்-கால் டூட்டி இருந்தது. கேன்சல் பண்ணிடறேன்."

சனிக்கிழமை ராகுகாலம் முடிந்த கையோடு எங்கள் மினிவேன் வரிசை பெல்ட்வேயில் ஏறியது. டாக்டர் பஞ்சகச்சத்தின் மேல் கோட்டுப் போட்டு, அதற்கும் மேலே ஊதா அங்கவஸ்திரம் அணிந்திருந்தார். அது அவர் மனைவி அபயாம்பாள் மாமியின் பழைய பட்டுத் தாவணி என்று பிற்பாடு தெரிந்தது. பின் சீட்டிலிருந்து என் மகள் வெண்பா, "டாட், வீ டோன்ட் ஈவன் நோ தீஸ் பீப்பிள்" என்றாள். "அவங்களுக்கும் நம்மளைத் தெரியாதும்மா, சரியாப் போச்சு" என்றேன்.

மிஸௌரி சிட்டியில் பெரிய செங்கல் வீடு. ஹாலையும் பின்பக்கக் கூடாரத்தையும் சேர்த்து வெள்ளைத் துணி கட்டி, இரண்டு பக்கமும் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் பெரிய மனிதர்களுக்கான தங்க நிற சோபாக்கள். பச்சை உடையும் பச்சைத் தலைக்கட்டுமாகப் பெண் வீட்டுப் பெண்கள் அடுப்படிக்கும் கூடாரத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். மிளகாயும் தக்காளியும் புகையும் கலந்த சோற்று வாசனை தெருமுனை வரைக்கும் வந்து எங்களை அழைத்துப் போனது. கயோடேயைக் காணோம். மாமா பிசியையும் காணோம். நைஜீரிய விருந்தில் பதினோரு மணி என்றால் ஒரு மணிக்குமேல்தான் வர வேண்டும் என்பது ஊரறிந்த ரகசியம். எங்கள் ஊர் மட்டும் அறியவில்லை.

வாசலில் யாரும் பன்னீர் தெளிக்கவில்லை. டாக்டர் அதைக் கவனித்தார். "முதல் தரம், போனாப் போறது" என்று பெருந்தன்மையாக உள்ளே நுழைந்து, தங்க சோபாவில் நட்டநடுவே உட்கார்ந்தார். நாங்கள் பின்னாலேயே போய் மிச்ச சோபாக்களையும் முதல் மூன்று வரிசைகளையும் நிரப்பினோம். பச்சைத் தலைக்கட்டுகள் ஒவ்வொன்றாக நின்று எங்களைப் பார்த்தன. நான் தலையை லேசாக, மாப்பிள்ளை வீட்டு அளவுக்கு, ஆட்டினேன்.

"எக்ஸ்க்யூஸ் மீ" என்று டாக்டர் ஓர் அம்மாளைக் கூப்பிட்டார். "காபி. சர்க்கரை கம்மியா. அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கோ, ஊதல் அடிக்கறது."

"ஏன்னா, அலட்டிக்காதேங்கோ" என்றாள் அபயாம்பாள் மாமி.

"பிள்ளையாத்துக்காரா அலட்டலேன்னா அவாளுக்கே சந்தேகம் வந்துடும்டி."

வந்த காபியை ஒரு வாய் குடித்து, "டிகாக்ஷன் போறாது" என்று திருப்பி அனுப்பினார். எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. என் கல்யாணத்தில் என் மாமா செய்ததையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து, ஃபேன் பத்தவில்லை என்றேன். ஜனவரி மாதத்தில்.

அப்போது வெள்ளை அங்கி தரையைத் தொட, உயரமான ஒருவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அடேசன்யா. எங்களை வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"நீங்கள்லாம் யாரு?"

"பையன் சைடு" என்றார் டாக்டர், எழுந்திருக்காமல். "நீங்க பொண்ணோட அப்பாவா? உட்காருங்கோ, உட்காருங்கோ." அவர் வீட்டிலேயே அவருக்கு ஒரு ஓரம் காட்டினார். "பொண்ணை வரச் சொல்லலாமே. பாடுவாளோ?"

ஹாலில் கரண்டி விழுந்தால் கேட்கும். எங்கேயோ ஒரு கரண்டி விழவும் செய்தது.

"என் பொண்ணு டாக்டர்" என்றார் அடேசன்யா. "குழந்தைங்களுக்கு வைத்தியம் பாப்பா." திரும்பி மாடியேறினார். மேலே ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு தாழ்ப்பாள்.

"கூச்ச சுபாவம்" என்றார் டாக்டர்.

கொஞ்ச நேரத்தில் கயோடேயின் பிக்கப் வந்து நின்றது. பின்னால் கிழங்கு மூட்டை, அன்னாசி, தேன் பாட்டில், கோலாக் கொட்டைக் கூடை எல்லாம் ஊதா ரிப்பனில். முன்சீட்டிலிருந்து, கப்பலின் பாய் மாதிரி விரிந்த ஊதாத் தலைக்கட்டோடு ஓர் அம்மாள் இறங்கினாள். இவள்தான் மாமா பிசி. பிஸனட் தெருவில் கருவாடும் கிழங்கு மாவும் போன் கார்டும் விற்பவள். ஹாலுக்குள் கால் வைத்தவள் அங்கேயே நின்று இரண்டு கையையும் தலைமேல் வைத்தாள்.

"ஆ-ஆ! உட்கார்ந்திருக்கீங்களா?"

"சௌகரியமா இருக்கு" என்றார் டாக்டர்.

"கதவைத் தட்டினீங்களா? கெஞ்சினீங்களா? மண்டி போட்டீங்களா?"

"நாங்க எதுக்கும்மா கெஞ்சணும்? நாங்க பிள்ளை வீடு."

மாமா பிசி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, பொண்ணு வீட்டுப் பக்கம் நடத்தறவளுக்கு எங்க பாஷையில பேரே உட்கார்ந்த தலைவி. பையன் வீட்டுப் பக்கம் நடத்தற எனக்குப் பேர் நின்ற தலைவி. ஏன்? பொண்ணு குடுக்கறவங்க உட்கார்ந்திருப்பாங்க. கேட்டு வந்தவங்க வாசல்ல நிப்பாங்க. பாடுவாங்க, ஆடுவாங்க, கெஞ்சுவாங்க. ஆம்பளைங்க தரையில நீட்டிப் படுப்பாங்க, பொம்பளைங்க மண்டி போடுவாங்க. உள்ள விட்டா அப்புறம் ஓரமா நிப்பாங்க. நீங்க உட்கார்ந்திருக்கறது யார் சோபா தெரியுமா? பொண்ணோட அப்பா சோபா."

நான் எழுந்துவிட்டேன். என்னைத் தொடர்ந்து மூன்று வரிசையும் எழுந்தது. பட்டு சரசரத்தது.

மாடிப்படி நடுவில் மொரெனிகே வந்து நின்றாள். சபைக்கு அழைக்கும்வரை கண்ணில் படக் கூடாதவள், பாதிப் பின்னிய தலையோடு. "கயோடே, அப்பா கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டார். 'என் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில உட்கார்ந்து, என் காபியைக் குறை சொல்றவங்களுக்குப் பொண்ணு இல்ல, கெஸ்ட்டுங்களை அனுப்பிடு'ன்னு சொல்றார்."

கயோடே என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. "என் தப்பு பிரதர். நேத்து சொல்ல வந்தேன், சொல்லியிருக்கணும்" என்றான். தோளிலிருந்து வழிந்த அங்கியைத் தூக்கிவிடக்கூடத் தோன்றாமல் நின்றான். இருபது பேர் வராததைவிட இத்தனை பேர் வந்ததுதான் அவனுக்கு ஆபத்தாகப் போயிற்று.

டாக்டர் மட்டும் இன்னும் சோபாவில் இருந்தார். மெதுவாக எழுந்தார். முகத்தில் கோபம் இருக்கும் என்று பயந்தேன்.

"அப்போ இங்க பிள்ளையாத்துக்காராதான் கெஞ்சணுமா?"

"கெஞ்சணும்" என்றாள் மாமா பிசி.

"நின்னுண்டே?"

"நின்னு, மண்டி போட்டு, படுத்து."

"அடடா! இதை முன்னாடியே சொல்லப்படாதோ? ரெண்டு பொண்ணு கல்யாணத்துலயும் நான் வேற என்ன பண்ணினேன்? இதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது!" கோட்டைக் கழற்றி மாமியிடம் எறிந்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டினார். "எல்லாரும் வெளில வாங்கோ. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கறோம்!"

வெளியே தூறல். புல்வெளி சொதசொத என்றிருந்தது. "பட்டுங்க..." என்று இழுத்த நாகமணி, கயோடேயின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மாமா பிசி ஒரு வரி பாடினாள். அது கேள்வி மாதிரி இருந்தது. மறு வரியை நாங்கள் பாட வேண்டும். வார்த்தை தெரியாததால் எங்கள் பெண்கள் கையைத் தட்டினார்கள். தட்டினால் கால் சும்மா இருக்குமா? வட்டம் தானாகவே விழுந்தது. கும்மி. மாமா பிசி ஒரு கணம் திகைத்து, பிறகு வட்டத்துக்கு நடுவில் புகுந்து இடுப்பை ஆட்டிப் பாட்டின் வேகத்தைக் கூட்டினாள். எதிர் வீட்டு வெள்ளைக்காரர் கராஜ் கதவைத் திறந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசல் கதவு ஒரு சாண் திறந்தது. பச்சைத் தலைக்கட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. உட்கார்ந்த தலைவி. அடேசன்யாவின் அக்கா, லண்டனிலிருந்து இதற்கென்றே வந்தவள்.

"யாரது என் தம்பி வீட்டு வாசல்ல சத்தம் போடறது?"

"இலேஷாவிலிருந்து வர்றோம்" என்றாள் மாமா பிசி. "உங்க தோட்டத்துல ஒரு பூவைப் பாத்தோம்."

"இலேஷாவா? உங்க கூட்டத்தைப் பாத்தா அப்படித் தெரியலையே!"

"நேர் வழியில ஐஸுங்க. அதான் தாராபுரம் சுத்தி வந்தோமுங்க" என்றாள் நாகமணி ஆங்கிலத்தில், 'ங்க'வை விடாமல்.

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் அக்கா விடுவதாக இல்லை. "இலேஷாக்காரங்களை எனக்குத் தெரியாதா? ஒஷோமாலோ ஆளுங்க! துணி மூட்டையைத் தூக்கிட்டு வருவீங்க, வாசலை விட்டு நகர மாட்டீங்க! போங்க போங்க!"

"என்னடா திட்டறாங்க?" என்று கயோடேயின் காதில் கேட்டேன்.

"எங்க ஊர்த் துணி வியாபாரிங்களுக்கு மத்த ஊர்க்காரங்க வெச்ச பேர். ஊர் ஊராப் போய்க் கடனுக்குத் துணி விப்பாங்க. தவணைக்கு வந்து வாசல்லயே குந்திக்குவாங்க. குடுக்கற வரைக்கும் குந்தினபடியே இருப்பேன்னு அர்த்தம்."

ஈரோட்டில் பாதிப் பேர் என் கண்முன் வந்து போனார்கள். நான் புல்வெளி நடுவில் போய், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலுக்கு வெளியே தொங்கவிட்டுக் குந்தினேன்.

"அக்கா! பொண்ணு குடுக்கற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்!"

நாகமணி குந்தினாள். ஒருவர் பின் ஒருவராக மொத்தக் கூட்டமும் குந்தியது. ஆயில் கம்பெனி மேனேஜர்கள், ப்ரோகிராமர்கள், ஒரு சிவில் எஞ்சினியர். குந்துவதற்கு எங்களில் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. முழங்கால்கள் மட்டும் வரிசையாகப் பட்டாசு வெடித்தன. கதவு முழுசாகத் திறந்தது. பச்சைத் தலைக்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சிரித்தன. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ, இவங்க இலேஷாவேதான்!"

ஆனால் அக்கா சிரித்துப் பயனில்லை. தர வேண்டியவர் மாடியில் இருந்தார். அந்த ஜன்னலின் திரை அசைந்ததை டாக்டர்தான் முதலில் பார்த்தார். ஜன்னலுக்கு நேர் கீழே போய், தூறலில் நனைந்த புல்லின்மேல், நெஞ்சும் நெற்றியும் பட, கையை முன்னால் நீட்டி, சாஷ்டாங்கமாக விழுந்தார். கோயிலில்கூட இடுப்பு வலி என்று கைகூப்பி முடித்துக்கொள்ளும் மனிதர்.

ஜன்னல் திறந்தது. "எழுந்திருங்க. இந்தக் குளிர்ல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் டாக்டர்தான், பரவால்லே!" என்று புல்லைப் பார்த்தபடியே கத்தினார். "மிஸ்டர் அடேசன்யா! எனக்கும் ரெண்டு பொண்ணு!"

"அதனால?"

"எங்க ஊர்ல பொண்ணைப் பெத்தவன்தான் நிக்கணும். நானும் நின்னேன். ரெண்டு கல்யாணத்துலயும் அவா சோபால சாஞ்சுண்டு காபி சரியில்லேன்னா. இன்னிக்குப் பையன் வீடுன்னு சொன்னதும், ஒரே ஒரு நாளாவது உட்கார்ந்து பாக்கலாம்னு ஆசை. உங்க வழக்கம் தெரியலே. உங்க மனசு பட்ட பாடு என்னன்னு எனக்கு நன்னாத் தெரியும். மன்னிச்சுக்கோங்கோ."

அடேசன்யா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"இருங்க. பொண்ணையும் குடுத்துட்டு, நீங்களே நிக்கணுமா?"

"நிக்கணும்."

"சாப்பாடு யாரு போடறது?"

"நான்."

"யாரு முதல்ல சாப்பிடறது?"

"அவா."

"அப்ப அவங்க என்னதான் கொண்டு வருவாங்க?"

டாக்டர் தலையைத் தூக்கி யோசித்தார். "பசி" என்றார். "கொஞ்சம் கோபம்."

ஜன்னலில் முகம் மறைந்தது. நாங்கள் குந்தியபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் படிக்கட்டில் தொம் தொம் என்று சத்தம் கேட்டது. அடேசன்யா வாசலுக்கு வந்தபோது அவர் வயிறு அங்கிக்குள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்கிய முகத்தில் கண்ணீர் வழிந்தது. நேராக வந்து டாக்டரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். வெள்ளை அங்கி முழுக்கச் சேறு.

"இவரை இன்னிக்கு நிக்க வெச்சா நான் மனுஷன் இல்ல" என்றார் அக்காவைப் பார்த்து.

"உட்கார வெச்சா நான் தலைவி இல்ல" என்றாள் அக்கா. "முறைன்னா முறை. முதல்ல எல்லாரும் படுக்கட்டும்!"

படுத்தோம். ஹாலில் விரித்த கம்பளத்தில் ஆண்கள் நீளவாக்கில் விழுந்தோம். பெண்கள் மண்டியிட்டார்கள். இது நம் வீட்டு முறையேதான் என்று அபயாம்பாள் மாமி பக்கத்தில் மண்டியிட்ட மாமா பிசிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். என் வயிறு நடுவில் இருந்ததால் எனக்குத் தலையும் தரையைத் தொடவில்லை, காலும் தொடவில்லை. தொட்டில் மாதிரி ஆடினேன். பெண் வீட்டுக் குழந்தைகள் அதற்கென்று தனியாகக் கை தட்டினார்கள்.

எங்களுக்கு முன்னால் கயோடே தரையோடு தரையாகக் கிடந்தான். அடேசன்யா சோபாவில் அமர்ந்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"இவங்க உனக்கு யாரு?"

"என் ஆளுங்க சார்."

"உன் ஊரா?"

"இல்ல."

"உன் பாஷையா?"

"இல்ல சார். இதுல முக்காவாசிப் பேரை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். எனக்கு யாரும் இல்லேன்னு நேத்து சாயங்காலம் ஒருத்தருக்குத்தான் போன் பண்ணினேன். எல்லாரும் வந்துட்டாங்க. தப்பான இடத்துல உட்கார்ந்தாங்க. திட்டு வாங்கினாங்க. ஆனா ஒருத்தர்கூட வண்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் போகல."

நான் கம்பளத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டேன். கம்பளத்தில் தூசி இருந்தது. அதனால்தான் கண் கலங்கியது.

அடேசன்யா குனிந்து கயோடேயின் தலையில் கையை வைத்தார். "ஒரு போனுக்கு இத்தனை பேர் வர்ற பையன். இதைத்தான் நான் பாக்கணும்னேன்" என்றார். பிறகு யொருபாவில் நீளமாக ஏதோ வாழ்த்தினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பச்சைக் கூட்டம் "ஆமேன்" என்றது. அடுத்த நிறுத்தத்தில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். அதற்கடுத்ததில் டாக்டர் "ததாஸ்து" என்றார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

முகத்திரையோடு மொரெனிகே ஆடிக்கொண்டே வந்தாள். இப்போது தலை முழுசாகப் பின்னியிருந்தது. கிழங்கு, தேன், கோலா, துணி என்று பரப்பியிருந்த சீர்களில் உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள் என்றாள் உட்கார்ந்த தலைவியான அத்தை. அவள் எல்லாவற்றையும் சுற்றிவந்து, ஊதாத் தொப்பி ஒன்றை எடுத்துக் கயோடேயின் தலையில் வைத்தாள். கோணலாகத்தான் வைத்தாள். அவன் அதைச் சரி செய்யவே இல்லை.

அப்புறம் மத்தளம். அப்புறம் சோறு, இடித்த கிழங்கு, மீன். எங்களில் சைவக்காரர்களுக்கு வறுத்த வாழைப்பழம் தாம்பாளம் தாம்பாளமாக வந்தது. அடேசன்யா முதல் தட்டைத் தன் கையால் டாக்டரிடம் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் கை நனைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். நூறு பேர் பார்க்க ஒற்றை ஆளாகச் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை டாக்டர் அன்று தெரிந்துகொண்டார். நாகமணிக்குப் பச்சைத் தலைக்கட்டு கட்டிவிட்டார்கள். உட்கார்ந்த தலைவி எங்கள் சிவில் எஞ்சினியர் மனைவியின் ஊதாப் பட்டை உடுத்திக்கொண்டு திருப்பித் தர மறுத்தாள். வெண்பா மணப்பெண்ணின் தங்கைகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, "டாட், ஸ்டாப் எம்பாரஸிங் மீ" என்றாள்.

மாமா பிசி கொடுத்த போன் கார்டைச் சுரண்டி, அடுக்களைச் சுவர் போனிலிருந்து கயோடே இலேஷாவுக்குப் பேசினான். அவன் அப்பா அங்கே தூங்காமல் காத்திருந்தார். நாங்கள் நாலைந்து பேர் சூழ்ந்து நின்றோம்.

"நம்ம ஆளுங்க வந்து சேர்ந்தாங்களான்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"வந்தாங்கன்னேன். நல்லாக் கெஞ்சினாங்களான்னு கேக்கறார்."

டாக்டர் போனைப் பிடுங்கினார். வெளிநாடு என்பதால் அந்தத் தூரத்துக்கு ஏற்றபடி கத்தினார். "ஃபர்ஸ்ட் க்ளாஸ் பெக்கிங், சார்! நான் உங்க பையனோட பெரியப்பா பேசறேன்!"

மறுமுனையில் ஒரு சிரிப்பு. போன் மறுபடி கயோடேயிடம் போனது. அவன் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றான். அங்கியின் அகலமான கையால் முகத்தைத் துடைத்தான். அந்த அகலத்துக்கு அதில் ஒரு குடும்பமே அழலாம்.

"என்னடா சொல்றார்?" என்றேன்.

"என் தம்பிக்கு லாகோஸ்ல பொண்ணு பாக்கறாராம். பொண்ணோட அப்பா ரொம்பக் கறார் பேர்வழியாம். பெரியப்பாவைக் கட்டாயம் கூட்டிட்டு வான்னு சொல்றார்."

டாக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். அபயாம்பாள் மாமி அவர் முதுகில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துவிட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏன்னா, பாஸ்போர்ட்டை எங்க வெச்சேள்?"